விடாத மூச்சு

பத்ராஸ்,
பிப்ரவரி 24, 2002

அன்புள்ள தம்பி சகெல்லாரி,

இந்தக் கடிதத்தைப் பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடாதே. இரண்டு முறை வீட்டுக்குப் போன் செய்தேன். இரண்டு முறையும் உன் பொண்டாட்டி தெமெலினா, "அவரு துறைமுகத்துக்குப் போயிருக்காரு அண்ணி" என்றாள். பின்னால் உன் இருமல் கேட்டது. துறைமுகம் எப்போது உங்கள் சமையலறைக்குள் வந்தது என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். கேள்வி கேட்கிற இடத்தில் நான் இல்லை.

ஜனவரியில் நீ இங்கே வந்தபோது நடந்ததற்கு என்னை மன்னித்துக்கொள். எங்கள் ஆய்வகத்தின் கெட்ட பழக்கம் உனக்குத் தெரியும். யார் வீட்டு விருந்தாளி வந்தாலும் ஒரு காபி கொடுப்பதற்கு முன் இதயத்தைப் படமெடுக்கிற அந்தக் காந்தக் குழாய்க்குள் படுக்க வைத்துவிடுவோம். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் எல்லாம் நோயாளிகள். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல இதயம் வேண்டும் என்றால் சொந்தக்காரர்களைத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. உன்னைப் பற்றி நான் ஒரு வாரம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். "என் தம்பி களிம்னோஸ் தீவுல கடலடியில முங்கிக் கடற்பஞ்சு எடுக்கிறவன். மூச்சடக்குறதுன்னா என்னன்னு அவன்கிட்ட பாருங்க" என்று சொல்லாத ஆள் பாக்கி இல்லை.

அப்புறம் நீ படுத்தாய். நான் மைக்கில், "மூச்ச வெளிய விடு, அப்படியே நிறுத்து" என்றேன். படம் வந்தது. "சகெல்லாரி, நீ மூச்சு விட்டுட்ட" என்றேன். "விடல" என்றாய். மறுபடி எடுத்தேன். மறுபடியும் அதையே சொன்னேன். மூன்றாவது தடவை மிஷின் ஓட்டுகிற லம்ப்ரோஸ், "நேத்து வந்த எழுபது வயசு அம்மா இதவிட நல்லா அடக்குனாங்களே" என்றான். நான் சிரித்துவிட்டேன். நீ நெஞ்சில் ஒட்டியிருந்த வயர்களைப் பிய்த்துப் போட்டுவிட்டு, சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போனாய். உனக்காகச் செய்த கணவாய்க் குழம்பை நான் மட்டும் நாள்கணக்கில் சாப்பிட்டேன்.

ஈஸ்டருக்கு முன்னால் ஒரு தடவை வந்துவிட்டுப் போ. படம் எடுக்கிற முறையை மாற்றியிருக்கிறோம், பழைய முறையோடு ஒப்பிட உன்னைப் போல் மூச்சடக்குகிற ஆள் வேண்டும். கொஞ்ச நேர வேலைதான்.

உன் அக்கா,
செவாஸ்தி

*

களிம்னோஸ்,
மார்ச் 6

அக்கா,

அடுப்பில் போடவில்லை. விறகு ஈரம், பற்றவில்லை. அதனால் படித்தேன்.

லம்ப்ரோஸ் சொன்னது எனக்கு உறைக்கவே இல்லை. அவன் மேட்டு நிலத்துக்காரன், கழுத்தளவு தண்ணீரில் நின்றாலே அவனுக்கு வயிற்றைக் கலக்கும். நீ சிரித்தாயே, அதுதான். மைக்கை அணைக்காமல் சிரித்தாய். குழாய்க்குள் நாலா பக்கமும் உன் சிரிப்பு.

இந்த ஊரில் என்னைப் பற்றி யார் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். குடிக்கிறான், சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிறான், பொண்டாட்டிக்குப் பயப்படுகிறான், எல்லாம் உண்மை, தலையாட்டிக்கொண்டு போவேன். மூச்சு விட்டான் என்று சொல்லக்கூடாது. நீயும் இந்தத் தீவில் பிறந்தவள்தானே. அப்பா படகில் கயிறு பிடித்து வளர்ந்தவள்தானே.

காப்பிக்கடையில் எப்படியோ சங்கதி தெரிந்துவிட்டது. தெமெலினாவின் மாமன் மகன் ஒருவன் பத்ராஸில் ஆஸ்பத்திரிக்குக் காய்கறி போடுகிறான், அவன் வாய்தான் இருக்கும். நேற்று நான் உள்ளே நுழைந்ததும் ஒருத்தன், "டேய், ஜன்னலத் திறந்து விடுங்கடா, சகெல்லாரிக்கு மூச்சு முட்டப்போவுது" என்றான். கடை முழுக்கச் சிரிப்பு. நான் என்ன செய்தேன் என்று எழுதப்போவதில்லை. அவன் மூக்கு சரியாகிவிடும்.

கடற்பஞ்சுக்கு நோய் வந்து பாதிக் கடல் செத்த பிறகு, கல்லைப் பிடித்துக்கொண்டு வெறும் மூச்சோடு இறங்குகிறவர்கள் இங்கே எத்தனை பேர் மிச்சம் என்று உனக்கே தெரியும். ஈஸ்டர் முடிந்ததும் ட்ரோசோஸின் படகு கிளம்புகிறது. நான் போகிறேன். உன் புது முறைக்கு வேறு மூச்சைத் தேடிக்கொள்.

சகெல்லாரி

கணவாயில் வினிகர் ஊற்றினாயா? நீ எப்போதும் மறந்துவிடுவாய்.

*

பத்ராஸ்,
மார்ச் 15

தம்பி,

கோபப்படாமல் கடைசி வரை படி. புது முறை என்று எழுதியது பொய். உன்னை வரவழைக்கச் சொன்ன பொய். நிஜத்தை எழுதுகிறேன்.

அந்தக் குழாய்க்குள் நாங்கள் என்ன செய்கிறோம் என்று நீ அன்றைக்குக் கேட்டாய். "உனக்குப் புரியாதுடா" என்று சொல்லிவிட்டேன். அதற்கும் மன்னித்துக்கொள். தையல்காரர் துணியில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போடுகிறார் இல்லையா, அதுபோல இதயத்தின் சதைமேல் காந்தத்தால் கறுப்புக் கோடுகள் போடுகிறோம். கத்தி கிடையாது, ஊசி கிடையாது. படத்தில் மட்டும்தான் தெரியும். இதயம் சுருங்கும்போது சதையோடு சேர்ந்து கோடுகளும் வளையும். எவ்வளவு வளைகிறதோ அந்த இடம் அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது. அடுத்த துடிப்பு வருவதற்குள் கோடுகள் மங்கி அழிந்துவிடும், மறுபடி போட வேண்டும். மூச்சு விட்டால் நெஞ்சு அசைந்து எல்லாம் குழம்பிவிடும். அதனால்தான் அடக்கச் சொல்கிறோம்.

உன் படத்தில் இருப்பதுபோல் இவ்வளவு தெளிவான கோடுகளை நான் பார்த்ததில்லை. எல்லாம் அழகாக வளைகின்றன. கீழ்ப்பக்கச் சுவரில் ஓர் இடத்தில் மட்டும் வளையவில்லை. சுற்றி இருக்கிற கோடுகள் எல்லாம் ஒடுங்கும்போது அங்கே மட்டும் போட்டது போட்டபடி நேராக நிற்கின்றன.

போன வாரம் இதய டாக்டர் எவாந்தியாவிடம் காட்டினேன். யாருடையது என்று முதலில் சொல்லவில்லை. பார்த்த உடனே, "யாரு இவரு? எங்க இருக்காரு? நாளைக்கே வரச் சொல்லுங்க" என்றாள். அந்த இடத்துக்கு ரத்தம் போதவில்லையாம். "நெஞ்சு வலி வந்திருக்கணுமே" என்று கேட்டாள். என் தம்பிக்கு அப்படி எதுவும் இல்லை என்றேன். இல்லைதானே?

ட்ரோசோஸின் படகில் ஏறாதே. கல்லைப் பிடித்து இறங்காதே. அடியில் இருக்கும்போது அந்த இடம் மக்கர் செய்தால் மேலே படகில் கயிறு பிடித்தவனுக்கு என்ன தெரியும்? கெஞ்சிக் கேட்கிறேன், கப்பலேறி வா.

செவாஸ்தி

*

களிம்னோஸ்,
மார்ச் 27

அக்கா,

நீ எழுதியதை இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். இப்போது ஒன்று சொல்கிறேன். சொல்லக் கை வரவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

நான் மூச்சு விட்டேன்.

மூன்று தடவையும் விட்டேன். முந்தின நாள் கப்பலில் குடித்திருந்தேன், பாக்கெட் பாக்கெட்டாகச் சிகரெட் பிடித்திருந்தேன். நுரையீரல் நாறிக்கிடந்தது. லம்ப்ரோஸ் முன்னால் ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது, அதனால் கத்தினேன். நீ சொன்னதுதான் சரி. உன் படம் கெட்டுப்போன படம். அதை வைத்துக்கொண்டு என் இதயத்துக்கு வியாதி கட்டாதே. டாக்டரம்மாவிடமும் அப்படியே சொல்லிவிடு.

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. தெமெலினாவிடம் எதுவும் சொல்லாதே. ட்ரோசோஸுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். இதோடு விடு. ஈஸ்டர் வாழ்த்துகள், முன்கூட்டியே.

சகெல்லாரி

*

பத்ராஸ்,
ஏப்ரல் 8

டேய் பொய்யா,

இதயத்துக்குக் கீழே கல்லீரல் இருக்கிறது. நம் படத்தில் அதன் தலைப்பகுதி ஒரு வளைவாகத் தெரியும். தூக்கத்தில் விடுகிற அளவு மூச்சு விட்டாலே அந்த வளைவு மேலும் கீழும் ஏறி இறங்கும். உன் மூன்று படங்களையும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஒரு மயிரிழை அசையவில்லை. அப்பா போன பிறகு இப்படி மூச்சடக்குகிற மனிதனை நான் பார்த்ததில்லை.

நீ மூச்சு விடவில்லை, சகெல்லாரி. கேலி பண்ணியவன் மூக்கை உடைத்த நீ, உன் கையாலேயே "விட்டேன்" என்று எழுதி அனுப்பியிருக்கிறாய். இவ்வளவு பெரிய மானத்தை விட்டுக்கொடுத்து நீ எதை மறைக்கிறாய்? உனக்கு வலி வந்திருக்கிறது.

இனி என் பங்கு. போன கடிதத்திலும் நான் முழு உண்மையை எழுதவில்லை. போன வாரம்தான் கண்டுபிடித்தது போல எழுதினேன். மூச்சு விட்டிருந்தால் கோடுகள் மொத்தமாகக் குழம்பியிருக்கும், ஒரு மூலையில் மட்டும் நேராக நிற்காது. எங்களிடம் புதிதாகச் சேர்கிற மாணவர்களுக்கு முதல் வாரமே நான் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. அன்றைக்கு முதல் படம் திரையில் வந்தபோதே அந்த இடம் என் கண்ணில் பட்டது. பட்டதும் என் வாயில் வந்தது, "நீ மூச்சு விட்டுட்ட". இரண்டாவது படத்திலும் அதே இடம். மூன்றாவதிலும் அதே இடம். மூன்று தடவையும் உன்னைத்தான் திட்டினேன். வேறு யாராவது படுத்திருந்தால் அடுத்த நிமிடம் எவாந்தியாவைக் கூப்பிட்டிருப்பேன். படுத்திருந்தது நீ. பயப்படுவதைவிட உன்மேல் கோபப்படுவது எனக்குச் சுலபமாக இருந்தது. நீ எழுந்து போனதும் அந்தப் படங்களைத் திறக்காமலே வைத்திருந்தேன். உனக்கு எழுதிய முதல் கடிதத்தில்கூட வாயைத் திறக்கவில்லை. என் வேலையே பார்ப்பதுதான். அதை நான் செய்யவில்லை.

தெமெலினாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ வேண்டாம் என்றதற்காக இல்லை. சொன்னால், "உங்களுக்கு எப்ப தெரியும் அண்ணி?" என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்லத் தைரியம் இல்லை.

என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டு. ஊர் முழுக்கச் சொல்லு. தண்ணீரில் மட்டும் இறங்காதே.

செவாஸ்தி

*

கோஸ் தீவு ஆஸ்பத்திரி,
ஏப்ரல் 25

அக்கா,

போனில் நீ அழுவதையும் தெமெலினா அழுவதையும் மாறி மாறிக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். படுத்தபடியே எழுதுவதால் எழுத்து கோணல், பொறுத்துக்கொள்.

உன் கடிதம் வந்த மறுநாள், "கல்லைத் தண்ணியில நனச்சு ரொம்ப நாளாச்சு, சும்மா ஒரு முங்கு போட்டுட்டு வரேன்" என்று கிளம்பினேன். தெமெலினா, "நானும் வரேன், கயிறு நான்தான் புடிப்பேன்" என்றாள். கல்யாணமான புதிதில் அவள் கயிறு பிடித்ததோடு சரி. ஆசையாக இருக்கிறாள் போல என்று நினைத்தேன். உன் கடிதங்களை மாவு ஜாடியில் ஒளித்து வைத்திருந்தேன் அக்கா. ரொட்டி சுடுகிறவள் அவள். எனக்கு அது தோன்றவே இல்லை.

அப்பா நமக்கு முங்கக் கற்றுக்கொடுத்த அதே குடா. கல்லோடு இறங்கினேன். அடியைத் தொட்டதும் தாடையிலிருந்து இடது கை வரை ஒரு வலி. கயிற்றைச் சுண்ட வேண்டும், மேலே இழுப்பார்கள் என்று தெரிகிறது. கை வரவில்லை. மேலே சூரியன் தெரிகிறது, கை மட்டும் வரவில்லை. நான் சுண்டவே இல்லை. அவளாக இழுத்தாள். "இவ்வளவு நேரம் உங்கக்கா உங்களக் கீழ இருக்க விடமாட்டாங்கன்னு தோணுச்சு, இழுத்துட்டேன்" என்றாள்.

இனி நானும் உண்மையைச் சொல்கிறேன். அக்டோபரில் படகு மோட்டாரைத் தூக்கும்போது முதல் தடவை வலித்தது. அப்புறம் படியேறும்போது. அப்புறம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ட்ரோசோஸ் படகில் ஏற்றமாட்டான். தெமெலினா கடல் பக்கமே விடமாட்டாள்.

ஜனவரியில் பஞ்சு விற்கப் பத்ராஸ் வந்தேன் என்று சொன்னேனே, பஞ்சு எல்லாம் ஏதென்ஸிலேயே விற்றுவிட்டது. உன்னைப் பார்க்கத்தான் வந்தேன். வீட்டுக்கு வருகிற விருந்தாளியை அந்தக் குழாய்க்குள் போடுவாய் என்று எனக்குத் தெரியும். நானாக வாயைத் திறந்து சொல்ல வேண்டாம், நீ பார்த்துச் சொல்லிவிடுவாய் என்று வந்தேன்.

"நீ மூச்சு விட்டுட்ட" என்று நீ சொன்னாய் பார், எனக்கு அப்பாடா என்றிருந்தது. செவாஸ்தியே பார்த்துவிட்டு மூச்சைத்தான் குறை சொல்கிறாள், அப்படியானால் இதயத்தில் ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். நீ சிரித்தது வலித்தது, அது உண்மை. ஆனால் நான் எழுந்து போனது கோபத்தில் இல்லை. இன்னொரு படம் எடுத்தால் கண்டுபிடித்துவிடுவாயே என்று ஓடினேன். நீ பார்க்கவில்லை, நான் காட்டவில்லை. முழுப் பழியையும் நீயே தூக்கிக்கொண்டு போகாதே, எனக்கும் கொஞ்சம் வை.

இங்கே டாக்டர்கள் உன் எவாந்தியாவோடு பேசிவிட்டார்கள். ஈஸ்டர் முடிந்ததும் பத்ராஸ் வருகிறேன். ட்ரோசோஸ் வேறு ஆள் பார்த்துக்கொண்டான்.

சகெல்லாரி

*

பத்ராஸ்,
மே 20

அன்புள்ள தம்பி,

படம் எடுத்து முடித்ததும் நீ என் முகத்தைப் பார்க்காமலே தெமெலினாவோடு டாக்ஸியில் ஏறிவிட்டாய். சமைத்து வைத்திருந்தேன். வினிகரும் ஊற்றியிருந்தேன்.

எவாந்தியா உங்களிடம் டாக்டர் பாஷையில் சொல்லியிருப்பாள். நான் பார்த்ததை நான் சொல்கிறேன். முதலில் நீ சும்மா படுத்திருக்கும்போது எடுத்தோம். அந்த இடத்துக் கோடுகள் ஜனவரியில் போலவே நேராக நின்றன. பிறகு உன் கையில் சொட்டுச் சொட்டாக ஒரு மருந்து ஏற்றினோமே, நெஞ்சு படபடக்கிறது என்றாயே, அது இதயத்தை உசுப்பிவிடுகிற மருந்து. செத்த சதை அதற்கும் அசையாது. பட்டினி கிடந்து தூங்குகிற சதை கொஞ்சமாவது எழும். எழுந்தால் ரத்தக்குழாயைத் திறந்துவிடுவதில் அர்த்தம் உண்டு.

பாதி எழுந்தது, சகெல்லாரி. கோடுகள் மெதுவாக, சோம்பல் முறிப்பது மாதிரி வளைந்தன. லம்ப்ரோஸ் நாற்காலியிலிருந்து எழுந்து, "வளையுது மேடம், வளையுது" என்று கத்தினான். அடுத்த வாரம் ஏதென்ஸில் அந்த ரத்தக்குழாயைத் திறந்த பிறகு அந்தப் பாதி பிழைத்துக்கொள்ளும் என்கிறாள் எவாந்தியா. மற்ற பாதி அசையவே இல்லை. அது போய்விட்டது. நீ இனிமேல் முங்க முடியாது.

ஜனவரியிலேயே இந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்திருந்தால் முழுதும் எழுந்திருக்குமா என்று எவாந்தியாவிடம் கேட்டேன். "அதெல்லாம் யாராலயும் சொல்ல முடியாது" என்றாள். அவள் நல்லவள். ஜனவரி படத்தையும் மே மாதப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என் வேலையாகிவிட்டது. நீ உன் பங்குப் பழியைக் கேட்டாய். தருகிறேன், எடுத்துக்கொள். ஆனால் நீ பயந்தவன். நான் பார்க்கத் தெரிந்தவள். இரண்டும் ஒன்றாகாது.

நீ நன்றாக மூச்சடக்கினாய். நடுவில் மிஷின் மக்கர் பண்ணியதால் ஒன்றை மட்டும் திரும்ப எடுக்க வேண்டி வந்தது. அந்தச் சிரமத்துக்கு மன்னித்துக்கொள்.

உன் அக்கா,
செவாஸ்தி

*

களிம்னோஸ்,
ஜூன் 18

அக்கா,

ஏதென்ஸில் அடைத்திருந்த ரத்தக்குழாயைத் திறந்து உள்ளே ஒரு சின்னக் கம்பிச் சுருளை வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்துவிட்டேன். தெமெலினா உப்பில்லாமல் சமைக்கிறாள். நான் செத்தால் அந்தச் சாப்பாட்டால்தான்.

போன பாதியைப் பற்றி நீ எழுதியதை மறுக்கப்போவதில்லை. துறைமுகத்திலிருந்து வீட்டுக்கு ஏறும்போது பாதிப் படியில் நிற்க வேண்டியிருக்கிறது. நிற்கும்போது உன்மேல் கோபம் வருகிறது. மிச்சப் படி ஏறும்போது என்மேல் வருகிறது. வீடு வந்து சேர்ந்ததும் பசிதான் வருகிறது. ட்ரோசோஸின் படகு என் ஜன்னலுக்கு நேராகத்தான் போனது. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். இதையெல்லாம் உன்னிடம் மறைத்து, எனக்கு ஒன்றும் இல்லை என்று எழுத மாட்டேன். நம் இரண்டு பேருக்கும் அந்த வேலை போதும்.

ஆனால் ஒரு விஷயம். மைக்கில் நீ, "இந்த வாட்டி மிஷின் மக்கர் பண்ணிடுச்சு தம்பி, இன்னொன்னு எடுத்துக்கலாம்" என்றாய்.

மிஷின் மக்கர் பண்ணவில்லை. நான் மூச்சு விட்டேன்.

மருந்து ஏறிக்கொண்டிருந்தது. நெஞ்சு குதித்தது. "மூச்ச வெளிய விடு, அப்படியே நிறுத்து" என்று நீ சொன்னபோது உன் குரல் உடைந்தது. இது அசையாவிட்டால் இவள் என்ன ஆவாள் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. இரண்டு தடவை பெரிதாக விட்டேன். கல்லீரல் குதித்திருக்கும், நீ பார்த்திருப்பாய். லம்ப்ரோஸும் பார்த்திருப்பான். அவன் வாயைத் திறக்கவில்லை, நீ அவன் காலை மிதித்திருக்க வேண்டும். அதனால்தான் அன்று உன் முகத்தைப் பார்க்காமல் டாக்ஸியில் ஏறினேன். பார்த்திருந்தால் வாசலிலேயே உட்கார்ந்து அழுதிருப்பேன், டாக்ஸிக்காரன் முன்னால்.

ஆகஸ்டில் லீவு போட்டுவிட்டு வா. கணவாய் நான் சமைக்கிறேன், உனக்கு மட்டும் உப்பு போட்டு. வந்ததும் நேரே வீட்டுக்கு வராதே. நான் துறைமுகத்துக்கு வருகிறேன், இரண்டு பேரும் காப்பிக்கடையில் கொஞ்ச நேரம் உட்காருவோம். இப்போது அங்கே யாரும் என்னைக் கேலி செய்வதில்லை, நாற்காலி எடுத்துப் போடுகிறார்கள். அது கேலியைவிட மோசம். அவர்கள் உன்னிடம் ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று கேட்பார்கள்.

உன் தம்பி மூச்சு விடவே இல்லை என்று சொல்.

சகெல்லாரி